கணிப்பொறியின் அன்றாடத் தொல்லைகளும் அவற்றைத் தீர்க்கும் முறையும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு மாறி வருவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ரூ.2,516 கோடி செலவில் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் பலவற்றிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், ஜவுளி விற்பனை ஆகியவை இப்பொறியிலேயே எழுதப்படுகின்றன. இம்மாற்றத்தால் விளையும் நன்மைகளைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். பொறி முரண்டு பிடிக்கும்போது நாம் செய்ய வேண்டியது யாது என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. இப்பாடம் அதைப் பற்றியது.

ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். முற்பகல் பதினொரு மணி இருக்கும். வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் வாயிற்படியருகே அமர்ந்திருந்தார். தாம் செலுத்திய கடன் தவணைக்கு ரசீது பெற அன்று மூன்றாம் முறையாக வந்திருப்பதாகக் கூறினார். முந்திய இரு நாட்களிலும் அவருக்குக் கிடைத்த விடை, "கணிப்பொறி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்பதே. தறியில் அமர்ந்தால்தான் கூலி என்னும் நிலையில் உள்ளவருக்கு மூன்று முற்பகல்கள் வீணாயின.

உள்ளே சென்று பார்த்தேன். குமாஸ்தா அச்சிடுமாறு கட்டளை கொடுப்பதும், ஒன்றும் வராததால் மீண்டும் கொடுப்பதுமாக இருந்தார். அச்சுப்பொறியின் பின்மூடியைத் திறந்தபோது கையகலக் காகிதத் துண்டு ஒன்று உருளையில் சிக்கியிருந்தது. அதை எடுத்தவுடன் பொறி உயிர் பெற்று, ஒரே எண்ணும் ஒரே தொகையும் கொண்ட ரசீதுகள் ஏழினை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளியது. இதைக் கண்ட நெசவாளர், "நான் ஒரு தவணைதானே கட்டினேன், ஏழு ரசீது எதற்கு ஐயா? மற்ற ஆறும் யார் கைக்குப் போகும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. ஆறு ரசீதுகளையும் குறுக்கே கோடிட்டு ரத்துச் செய்து, காரியதரிசியின் கையொப்பத்தோடு கோப்பில் ஒட்டச் செய்தேன். அந்தக் குமாஸ்தா கெட்ட எண்ணம் உடையவர் அல்லர். பொறியின் முன் அச்சம் கொண்டவர். அச்சம் உள்ளவர் ஒன்று, ஒரே விசையைப் பலமுறை அழுத்துவார். அல்லது மின்சாரத்தையே நிறுத்திவிடுவார். இரண்டும் சங்கத்துக்கு ஆகா.

தறி கற்பிக்கும் முறை

தறியில் பாவிழை ஒன்று அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? நெசவை நிறுத்துகிறார். எந்த இழை, எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்கிறார். அதனை விழுதிலும் அச்சிலும் உரிய கண்ணில் வாங்கி முடிச்சிடுகிறார். நாடாவை இரண்டொரு முறை ஓட்டிப் பார்த்த பின்னரே மேலே நெய்கிறார். ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் அறுத்தெறிவாரில்லை. கிணற்று மோட்டார் ஓடாதபோது விவசாயியும் அவ்வாறே மும்முனை மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்க்கிறார். அடுத்துப் பியூஸைப் பார்க்கிறார். மோட்டாரைக் கழற்றுவது கடைசியில்தான்.

கணிப்பொறிக்கும் இம்முறையே போதும். அதை நான்கு படிகளாகக் கொள்ளலாம்.

(1) கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்திருத்தல். (2) திரையில் தோன்றிய செய்தியை நாள், நேரத்தோடு அப்படியே எழுதிக் கொள்ளுதல். கைப்பேசியில் படம் பிடித்துக் கொள்வதும் நன்று. (3) மின்சாரம், இணைப்புக் கம்பி, காகிதம் போன்ற எளிய காரணங்களை முதலில் பார்த்தல். (4) ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, பயன் உண்டா எனச் சோதித்தல். மூன்று மாற்றங்களை ஒருசேரச் செய்தால் குணம் எதனால் ஏற்பட்டது என்பது தெரியாமலே போய்விடும்.

பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் கணக்கு நிரல்களுக்கும் இடையே நின்று, யாருக்கு எவ்வேலை என்று பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளம் ஆகும். நான் ஆய்வு செய்த சங்கங்களில் பெரும்பாலும் காணப்படுவது விண்டோஸ் என்னும் இயங்குதளம். ஆதலின் கீழே கூறுவன அதைப் பற்றியவை.

1. பொறி மந்தமாதலும் உறைந்து நிற்றலும்

ஒரு நிரல் பதில் தராமல் நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிஷங்கள் பொறுக்க வேண்டும். பெரிய பட்டியலைக் கூட்டிக் கொண்டிருக்கும் நிரலும் நின்றுவிட்டது போலவே தோன்றும். பிறகும் அசையாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. டாஸ்க் மானேஜர் என்னும் பலகம் திறக்கும். செயலி, நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு வேலை செய்கிறது என்பதையும், எந்த நிரல் எவ்வளவை எடுத்துக் கொள்கிறது என்பதையும் அதில் காணலாம். அசையாத நிரலைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' என்பதை அழுத்தினால் அது ஒன்று மட்டும் முடிவுறும், மற்றவை தொடரும். அந்நிரலில் சேமிக்காதிருந்த பதிவு போய்விடும் என்பதை மறத்தலாகாது. ஆகவே நிரலை மீண்டும் திறந்தவுடன் கடைசியாகப் பதிவான ரசீது எண் எது எனப் பார்த்த பின்னரே அடுத்ததை எழுத வேண்டும்.

நாள்தோறும் காலையில் பொறி மெதுவாக எழுமானால், அதே பலகத்தில் தொடக்க நிரல்களின் பட்டியலைப் பார்க்கலாம். நாம் அழையாமலே பொறியோடு கூடவே எழும் நிரல்கள் அங்கே இருக்கும். தேவையற்றவற்றை நிறுத்தி வைக்கலாம். பெயர் அறியாதவற்றைத் தொடாமல் விடுவதே நலம். சி டிரைவில் இடம் தீர்ந்து போவதும் மந்தத்திற்கு ஒரு காரணம். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' என்னும் பகுதி, எவை எவ்வளவு இடத்தை அடைத்துள்ளன என்று காட்டும்.

இங்கே பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. பொறியை 'ஷட் டவுன்' செய்து மீண்டும் எழுப்பினால் அது புதிதாகத் தொடங்குகிறது என்றே நாம் எண்ணுகிறோம். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் ஏற்பாடு வந்துள்ளது. அது இயங்கும் பொறிகளில், நிறுத்தும்போது இயங்குதளத்தின் உட்பகுதி அப்போதைய நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுத்துக் கொள்ளப்படுகிறது. நேற்றைய கோளாறும் அதனோடு திரும்பி வரக்கூடும். 'ரீஸ்டார்ட்' என்பதைத் தேர்ந்தால்தான் யாவும் புதிதாகத் தொடங்கும். "மூன்று நாளாக நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தோம், பயனில்லை" என்று கூறும் சங்கங்களில் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' செய்ததும் தொல்லை நீங்கியதைக் கண்டிருக்கிறேன். மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பது வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது.

2. அச்சிட மறுத்தல்

நாம் கொடுக்கும் அச்சு வேலைகள் நேரே அச்சுப்பொறிக்குச் செல்வதில்லை. ஸ்பூலர் என்னும் பகுதியில் வரிசையாகக் காத்திருந்து ஒவ்வொன்றாகச் செல்கின்றன. ஆலையில் நூல் சுற்றும் உருளைக்கும் ஸ்பூல் என்பதே பெயர். முன்னுள்ள வேலை சிக்கினால் பின்னுள்ளவை யாவும் நிற்கும். சிக்கல் தீர்ந்ததும் எல்லாம் ஒருங்கே ஓடி வரும். ஏழு ரசீதுகள் வந்த காரணம் இதுவே.

ஆகவே, அச்சு வராவிட்டால் மீண்டும் கட்டளை கொடுக்கலாகாது. முதலில் மின்சாரம், கம்பி, காகிதம், மை நாடா ஆகியவற்றைப் பார்க்க. அடுத்து, செட்டிங்ஸில் அச்சுப்பொறியைத் தேர்ந்து அதன் வரிசையைத் திறந்து, முன்னே நிற்கும் வேலையை ரத்துச் செய்க. அது ரத்தாகாமல் அடம் பிடித்தால், நிர்வாகி உரிமை உள்ளவர் 'சர்வீசஸ்' என்னும் பலகத்தில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். அதற்கும் இசையாவிட்டால் ஸ்பூலரை நிறுத்திய நிலையில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒன்றனுள் ஒன்றாக அமைந்த உறைகளில் கடைசியானதைத் திறந்து, உள்ளிருக்கும் கோப்புகளை மட்டும் நீக்கிவிட்டு ஸ்பூலரைத் தொடங்க வேண்டும். உறையை நீக்கலாகாது.

பாஸ்புத்தகம் அச்சிட ஒன்று, பட்டியல் அச்சிட ஒன்று என இரு அச்சுப்பொறிகள் உள்ள அலுவலகங்களில் மற்றொரு தொல்லை நேர்கிறது. ரசீது பாஸ்புத்தகப் பொறிக்குச் சென்றுவிடும். கடைசியாகப் பயன்படுத்திய பொறியையே இயல்பான பொறியாகக் கொள்ளும் ஓர் ஏற்பாடு விண்டோஸில் இருப்பதே இதற்குக் காரணம். செட்டிங்ஸில் அச்சுப்பொறிகள் பகுதியில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, இயல்பான பொறியை நாமே குறித்தால் இத்தொல்லை ஒழியும்.

3. நாளும் நேரமும் பிறழ்தல்

இது சிறிய தொல்லையாகத் தோன்றும். ஆயினும் அங்கத்தினரின் பணத்தை நேராகத் தொடுவது இதுவே. ஆகவே சற்று விரிவாகக் கூறுகிறேன்.

மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரம் ஓடும்பொருட்டுக் கணிப்பொறியின் உள்ளே காசு வடிவான 3 வோல்ட் மின்கலம் ஒன்று உள்ளது. மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் அதன் குறியீடு சிஆர் 2032. அது வலுவிழந்தால், இரவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காலையில் எழுப்பும்போது கடிகாரம் பழைய ஆண்டொன்றைக் காட்டும். அப்போது வங்கித் தளத்தைத் திறந்தால், இணைப்புப் பாதுகாப்பானதன்று என்று எச்சரிக்கை வரும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பொறியின் நாள் அவ்விரண்டுக்கும் வெளியே இருந்தால் சான்றிதழ் ஏற்கப்படாது. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே செல்வது தவறு. நாளைச் சரி செய்து மின்கலத்தை மாற்ற வேண்டும். மின்கலத்தின் விலை சொற்பமே.

இதனினும் கொடியது, நாள் சரியாக இருந்தும் அதன் வடிவம் மாறியிருப்பது. நாம் நாள், மாதம், ஆண்டு என எழுதுகிறோம். பொறியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அது மாதம், நாள், ஆண்டு எனப் படிக்கும். ஓர் உதாரணம் காண்போம். அங்கத்தினர் ஒருவர் 2025 மே 4 ஆம் நாள் ரூ.60,000 கடன் பெறுகிறார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12. எக்ஸெல் தாளில் 04/05/2025 என எழுதப்படுகிறது. பொறி அதனை ஏப்ரல் 5 எனக் கொள்கிறது. கடன் 29 நாட்கள் முன்னதாகத் தொடங்கியதாகிவிடுகிறது. 60,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி ரூ.7,200, 29 நாளுக்கு ஏறத்தாழ ரூ.572. வாங்காத நாட்களுக்கு அங்கத்தினர் வட்டி செலுத்துகிறார். கூட்டலில் பிழை இராது; பொறி எச்சரிக்கையும் தராது. நாள் மாறிய வேறொருவர் கணக்கில் சங்கத்திற்கு நஷ்டம் ஏற்படலாம். குறித்த தவணைக்குள் கட்டினால் வட்டிச் சலுகை உண்டு என்னும் பயிர்க் கடன்களில் தவணை நாளே மாறிப் போனால் விளையும் வழக்கு எத்தகையது என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 13/05/2025 என்று ஒரு கட்டத்தில் எழுதிப் பார்க்க. பதின்மூன்றாம் மாதம் இல்லையாதலால், அமெரிக்க அமைப்பில் உள்ள பொறி அதனை நாளாக ஏற்காமல் வெறும் எழுத்தாகக் கொண்டு கட்டத்தின் இடப்புறம் நிறுத்தும். நாளாக ஏற்றால் வலப்புறம் நிற்கும். இடப்புறம் நின்றால் செட்டிங்ஸில் வட்டார அமைப்பை 'ஆங்கிலம் (இந்தியா)' என மாற்றுக. மாற்றியபின் எழுதும் நாட்களே சரியாக இருக்கும். முன்னர்த் தவறாகப் பதிவானவை தாமே திருந்தமாட்டா. அவற்றை மூல ரசீதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பாஸ்புத்தகத்தில் கடன் பெற்ற நாளைத் தாமே படித்துப் பார்ப்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையுமாகும்.

4. தமிழ் எழுத்தும் கடவுச்சொல்லும்

பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தோன்றுவதுண்டு. கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடலாகாது. முன்னாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீடு வைத்திருந்தது. அந்த எழுத்துரு பொறியில் இல்லாவிட்டால் அக்குறியீடுகள் வேறெழுத்தாகத் தெரியும். அதே எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். மாற்று நிரல் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நிலையான தீர்வு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அமைந்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் இப்போது விண்டோஸிலேயே கிடைக்கிறது.

கடவுச்சொல் சரியாக இருந்தும் பொறி ஏற்கவில்லை என்னும் முறையீடு அடிக்கடி வருகிறது. விசைப்பலகை தமிழில் நிற்கிறதா, கேப்ஸ் லாக் எரிகிறதா, எண்களுக்குரிய நம் லாக் அணைந்துள்ளதா என்னும் மூன்றையும் பார்க்க. விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். இவற்றைப் பாராமல் மீண்டும் மீண்டும் முயன்றால் சில நிரல்களில் கணக்கே பூட்டப்பட்டுவிடும்.

5. திருத்தங்களும் போலி எச்சரிக்கைகளும்

கூலி பட்டுவாடா நடக்கும் வேளையில் பொறி தானே திருத்தங்களை நிறுவத் தொடங்குவது எரிச்சலூட்டும் செயலே. இதற்காகத் திருத்தங்களை அறவே நிறுத்திவிடுதல் வேலியைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். 'ஆக்டிவ் அவர்ஸ்' என்னும் பகுதியில் அலுவலக நேரத்தைக் குறித்தால் அந்நேரத்தில் பொறி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மாலையில் யு.பி.எஸ். உள்ளபோது நாமே திருத்தத்தை முடித்துவிடலாம். இடையில் மின்சாரத்தைத் துண்டிக்கலாகாது. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அதனை இன்னும் வைத்துள்ள சங்கங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

திரை முழுவதையும் மறைத்து, பொறியில் நச்சு நிரல் புகுந்துவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே பேசுக என்று ஒரு செய்தி தோன்றினால் அது மோசடி. விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இராது. அவ்வெண்ணுக்குப் பேசுவதும், அவர்கள் கூறும் நிரலை நிறுவித் தொலைவிலிருந்து நம் பொறியை ஆளவிடுவதும் பெட்டகத்தின் சாவியைக் கொடுப்பதாகும். டாஸ்க் மானேஜர் மூலம் அத்திரையை மூடிவிடலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்னும் அரசு உதவி எண்ணில் முறையிடுக.

கோளாறு ஏடு

இத்தனையையும் குமாஸ்தா மனப்பாடம் செய்ய வேண்டுமென்று நான் கூறவில்லை. இருபது ரூபாய்க் குறிப்பேடு ஒன்றைப் பொறியின் அருகே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நாள், நேரம், திரையில் வந்த செய்தி, செய்த மாற்றம், கண்ட பயன் என ஐந்து பத்திகள் போதும். ஒரே கோளாறு மூன்றாம் முறை வரும்போது அதற்குரிய தீர்வு நம் கையெழுத்திலேயே இருக்கும். பழுது பார்ப்பவர் வந்தாலும் அரைநாள் விசாரணை மிச்சமாகும். அவருக்குக் கொடுக்கும் கூலி நியாயமானதா என்பதும் புலப்படும். கணக்குகளின் பிரதியைத் தினமும் வேறொரு வட்டில் எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்ததையும் அவ்வேட்டிலேயே குறிக்கலாம்.

எம்முயற்சியும் பலிக்காத நாளும் வரும். அந்நாளுக்கென்று, உரிய அனுமதியோடு, வரிசை எண் அச்சிட்ட கைரசீதுப் புத்தகம் ஒன்று மேசையில் இருத்தல் வேண்டும். பணம் பெற்றவுடன் கைரசீது கொடுத்து அங்கத்தினரை அனுப்பிவிட்டு, பொறி சரியானபின் அவ்வெண்ணைக் குறித்துப் பதிவு செய்யலாம். நான் கூறிய சங்கத்தில் இப்பொழுது அப்படிச் செய்கிறார்கள். அடுத்த ஆய்வின்போது கோளாறு ஏட்டைப் புரட்டினேன். நான்கு மாதங்களில் பதினொரு கோளாறுகள் எழுதப்பட்டிருந்தன; ஒன்பது அன்றன்றே தீர்ந்திருந்தன. மற்ற இரண்டு நாட்களிலும் கைரசீது கொடுக்கப்பட்டிருந்தது. "நாளை வாருங்கள்" என்று ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை என்று குமாஸ்தா சொன்னார். கைரசீதுகளை எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது.

மாதக் கூட்டத்தில் விவாதிக்கத் தக்க கேள்விகள்

1. நம் சங்கத்தின் பொறி நாளை எவ்வடிவத்தில் படிக்கிறது? கூட்டத்தின் முன்னிலையிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

2. அச்சு வராதபோது நம் குமாஸ்தா முதலில் செய்வது யாது? அடுத்துச் செய்வது யாது?

3. சென்ற மூன்று மாதங்களில் பொறியின் காரணமாகத் திரும்பிச் சென்ற அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்கள் இழந்த கூலி எவ்வளவு?

4. கணக்குகளின் பிரதி கடைசியாக எந்நாளில் எடுக்கப்பட்டது? அதைத் திறந்து பார்த்தவர் யார்?